இன்ஜெக்டர் பிழைக்குறி வந்தால் காரை யாரிடம் கொண்டுபோவது? சிங்கப்பூர் வாகன உரிமையாளருக்கு ஓர் ஒப்பீடு

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பிழைக்குறி படிக்கும் கருவி, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகமான இன்ஜெக்டரைக் குறிக்கும் பி0201 என்றோ பி0203 என்றோ காட்டியதும், ‘இன்ஜெக்டர் போய்விட்டது, மாற்ற எவ்வளவு ஆகும்?’ என்றுதான் பெரும்பாலானவர்கள் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் உள்ள பட்டறைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, குறைந்த விலை சொன்னவரிடம் காரை விட்டுவிடுகிறார்கள். பாகத்தின் விலையை ஒப்பிடலாம். ஆனால் அதற்கு முன்பு, பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து கண்டுபிடிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முடிவு செய்தாகவேண்டும். கண்டுபிடிப்பதற்கு ஒரு தொகையைத் தனியாகக் கொடுத்துவிட்டு, அதன் முடிவைப் பார்த்தபிறகே பாகத்துக்குச் செலவழிப்பதுதான் இறுதியில் மலிவு என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் பிழைக்குறிகளிலேயே இருக்கிறது.

பி0201 முதல் பி0204 வரையிலான குறிகள், முறையே ஒன்று முதல் நான்கு வரையிலான சிலிண்டர்களின் இன்ஜெக்டர் மின்சுற்றில் கோளாறு இருப்பதாகத் தெரிவிக்கின்றன. அந்தச் சுற்றில் இன்ஜெக்டர் ஒரு பகுதி மட்டுமே. சாதாரணமான பெட்ரோல் எஞ்சினில், ஃபியூஸ், ரிலே வழியாக வரும் 12 வோல்ட் மின்சாரம், அதைக் கொண்டுவரும் வயர், இன்ஜெக்டர் தலையில் மாட்டியிருக்கும் கனெக்டர், உள்ளே சுற்றப்பட்டிருக்கும் காயில், அங்கிருந்து எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் திரும்பும் வயர், கணினிக்குள் இருந்தபடி அந்தச் சுற்றை எர்த்தோடு இணைத்தும் துண்டித்தும் இன்ஜெக்டரைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சுற்று. இவற்றில் எது கெட்டாலும் அதே குறி வரலாம். பி0261 வந்தால் முதல் சிலிண்டரின் சுற்றில் மின்னழுத்தம் இருக்கவேண்டியதைவிடக் குறைவு, பி0262 வந்தால் அதிகம் என்று பொருள். அடுத்தடுத்த சிலிண்டர்களுக்கு இதே வரிசையில் எண்கள் கூடிக்கொண்டே போகும். நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே நேரத்தில் குறி வந்திருந்தால் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே நாளில் கெட்டுப்போயின என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். நான்குக்கும் பொதுவாக மின்சாரம் கொடுக்கும் ஃபியூஸ், ரிலே அல்லது பொது வயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு வகைக் குறிகள் மின்சாரத்தைப் பற்றியவை அல்ல. அழுக்கு அடைத்த இன்ஜெக்டரின் காயில் நன்றாகவே இருக்கும். ஆகவே கணினிக்கு அதன் மின்சுற்றில் குறை எதுவும் தெரியாது. பெட்ரோல் குறைவாகப் பாய்வதால், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை மெலிந்துவிட்டது என்று பி0171 வரலாம், அல்லது ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று வரலாம். மூடாமல் கசியும் இன்ஜெக்டரால் கலவை தடித்து பி0172 வரலாம். சூடான எஞ்சினைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது இழுத்து இழுத்துக் கிளம்புவதும் அதன் அடையாளம். ஆனால் பி0301 வருவதற்கு ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கம்ப்ரஷன் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. பி0171 வருவதற்கு, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் குழாயில் எங்கோ காற்றுக் கசிவு இருந்தாலும் போதும். எனவே மின்சுற்றுக் குறியா, எரிதல் அல்லது கலவைக் குறியா என்பதைப் பொறுத்து யாரிடம் போவது என்பதும் மாறும்.

அதைவிடவும் முக்கியமாக ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: உங்கள் எஞ்சினில் பெட்ரோல் எங்கே செலுத்தப்படுகிறது? இன்டேக் பாதையில் தெளிக்கும் பழைய முறையில் பெட்ரோலின் அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 பார் வரைதான். இன்ஜெக்டர் காயிலின் மின்தடை பெரும்பாலும் 11 முதல் 17 ஓம் வரை இருக்கும். சாதாரண மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். சிலிண்டருக்குள்ளேயே செலுத்தும் நேரடி முறையில் அழுத்தம் 200 பார் வரையிலும், புதிய எஞ்சின்களில் அதற்கு மேலும் போகிறது. இன்ஜெக்டரைத் திறக்கக் கணினி 65 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்புகிறது; காயிலின் மின்தடையோ பெரும்பாலும் ஓரிரண்டு ஓம்தான். இங்கே தவறான இடத்தில் சோதனை விளக்கை மாட்டினால் கணினியே கெடக்கூடும். அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இங்கே தனியார் வாடகை ஓட்டுநர்கள் அதிகம் ஓட்டும் கார்களிலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம்: பிரியஸின் 1.8 லிட்டர் எஞ்சின் இன்டேக் பாதையில் தெளிப்பது. முதல் தலைமுறை வெசல் ஹைபிரிடின் 1.5 லிட்டர் எஞ்சின் நேரடியாகச் செலுத்துவது. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும் ஹைபிரிட் கார்கள். பழுதுபார்ப்பில் இரண்டும் வெவ்வேறு.

சொந்தக் கருவி

முதல் வழி, பிழைக்குறி படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை வாங்கி நாமே பார்ப்பது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை இணைப்பில் மாட்டி, கைப்பேசியில் படிக்கும் சிறு கருவி இருபது முப்பது வெள்ளிக்கும் கிடைக்கிறது. ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியான சில பழைய கார்கள் இத்தகைய பொதுக் கருவிகளுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை என்பதைத் தவிர, பெரும்பாலான கார்களில் இது வேலை செய்யும்.

இந்தக் கருவியின் பயன் பழுதுபார்ப்பதில் இல்லை. ஆதாரத்தைப் பாதுகாப்பதில் இருக்கிறது. குறி பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை சுற்று ஓடியது, குளிர்நீரின் வெப்பம் என்ன, கார் என்ன வேகத்தில் போனது என்பவற்றைக் கணினி உறைநிலைப் பதிவாகச் சேமித்து வைத்திருக்கிறது. காலையில் கிளப்பியவுடன் வந்த குறியா, பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் எஞ்சின் கொதித்திருந்தபோது வந்த குறியா என்பதை அதிலிருந்து அறியலாம்; சூட்டில் மட்டும் அறுந்து, ஆறியபின் மறுபடி ஒட்டிக்கொள்ளும் காயிலைக் கண்டுபிடிக்க அது மிகவும் உதவும். கருவியில் உள்ள ‘அழி’ பொத்தானைத் தொட்டால் அந்தப் பதிவு முழுவதும் போய்விடும். கலவையைச் சரிசெய்யக் கணினி பல நாள்களாகக் கற்றுவைத்திருந்த திருத்த அளவுகளும் பெரும்பாலான கார்களில் அதோடு போய்விடும். ஆகவே திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

அதற்கு மேல் போகலாமா? இன்டேக் பாதையில் தெளிக்கும் எஞ்சினாக இருந்து, இன்ஜெக்டர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், எஞ்சினை நிறுத்திய நிலையில் கனெக்டரைக் கழற்றி நான்கின் மின்தடையையும் அளந்து ஒப்பிடலாம். மூன்று ஒரே அளவிலும் ஒன்று மட்டும் பெரிதும் விலகியும் இருந்தால் ஐயம் உறுதிப்படுகிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கி வெப்பத்தில் பொடிந்திருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். பெட்ரோல் பாதையைத் திறக்கும் எந்த வேலையையும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யக்கூடாது. காற்றோட்டம் குறைந்த, மேலும் கீழும் கார்கள் நிற்கும் இடத்தில் சிந்தும் பெட்ரோல் உங்கள் காரோடு நிற்கப்போவதில்லை.

தனிப்பட்ட பட்டறை

உத்தரவாதக் காலம் முடிந்த, இன்டேக் பாதையில் தெளிக்கும் காருக்கு இதுவே முதல் தேர்வு என்று நான் கருதுகிறேன். ஆனால் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு மிக அதிகம். சின் மிங், காக்கி புக்கிட், உபி, அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வட்டாரங்களில் அடுத்தடுத்த கதவுகளில் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் ஆசிலோஸ்கோப் வைத்து மின் அலையைப் பார்த்துச் சொல்லும் மெக்கானிக் இருக்கிறார். சிலவற்றில் குறியைப் படித்ததும் பாகத்தை ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய, காரை விடுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இன்ஜெக்டர்தான் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?’ நல்ல மெக்கானிக் பொறுமையாக வரிசையைச் சொல்வார். கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பேன்; கணினியிடமிருந்து திறக்கும் துடிப்பு வருகிறதா என்று சோதனை விளக்கையோ ஆசிலோஸ்கோப்பையோ வைத்துப் பார்ப்பேன்; நான்கின் மின்தடையை ஒப்பிடுவேன்; ஒன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, குறி பி0201 ஆகவே நிற்கிறதா, பி0203க்கு நகர்கிறதா என்று பார்ப்பேன் என்பார். குறி இன்ஜெக்டரோடு நகர்ந்தால் பழுது இன்ஜெக்டரில். அதே சிலிண்டரிலேயே நின்றால் பழுது வயரில் அல்லது கணினியில். இந்த மாற்றிப்போடும் சோதனைக்குப் புதிய பாகம் தேவையில்லை, சில ரப்பர் வளையங்கள் போதும். இன்டேக் பாதையில் தெளிக்கும் எஞ்சினுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பி0301 போன்ற எரிதல் குறியாக இருந்தால், மேலே எளிதாகக் கழற்றக்கூடிய இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் முதலில் இடம் மாற்றிப் பார்ப்பவரே முறையாக வேலை செய்பவர். அதைச் செய்யாமலே இன்ஜெக்டரைக் குறைசொல்பவரிடம் காரை விடவேண்டாம். ஆசிலோஸ்கோப் இருக்கும் பட்டறையில் இன்னும் ஒரு நன்மை உண்டு. இன்ஜெக்டர் மூடும்போது காயிலில் எழும் மின் அலையில், உள்ளிருக்கும் ஊசி நகர்ந்ததைக் காட்டும் ஒரு சிறு மேடு தெரியும். அந்த மேடு காணாமற்போனால் காயில் நன்றாக இருந்தும் ஊசி சிக்கிக்கொண்டிருக்கலாம் என்பதை எதையும் கழற்றாமலே அறியமுடிகிறது.

சோதனைக்கு ஒரு கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ‘சோதனை இலவசம்’ என்னும் இடத்தில் அந்த உழைப்புக்கான காசு பாகத்தை விற்றுத்தான் வரவேண்டியிருக்கிறது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் பெற்று, அளந்த எண்களையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். பின்னால் பிணக்கு வந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமோ, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்திடமோ அந்தத் தாள்தான் பேசும்.

வீட்டுக்கே வரும் நடமாடும் மெக்கானிக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், குறி படிப்பதற்கும், ஃபியூஸ், பேட்டரி, இக்னிஷன் காயில் போன்றவற்றுக்கும் அவர்கள் பயன்படுவார்கள். இன்ஜெக்டரைக் கழற்றும் வேலைக்குப் பட்டறையின் தரையும் கருவிகளும் வேண்டும்.

முகவரின் சேவை மையம்

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காருக்கு, அதை விற்கும் அதிகாரபூர்வ முகவரிடம் போவதில் யோசிக்க ஒன்றுமில்லை; பழுதுக்கான செலவை ஏற்கவேண்டியவர்களே பழுதையும் கண்டுபிடிக்கட்டும். ஆனால் ‘வெளிப்பட்டறையில் ஆயில் மாற்றினீர்கள், ஆகவே உத்தரவாதம் செல்லாது’ என்ற பேச்சுக்கு அஞ்சவேண்டாம். சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டதைத் தொடர்ந்து, 2017இல் இங்குள்ள கார் விற்பனை நிறுவனங்கள் அத்தகைய நிபந்தனைகளைத் தங்கள் உத்தரவாதங்களிலிருந்து நீக்கின. வெளியில் செய்த வேலைதான் இந்தப் பழுதுக்குக் காரணம் என்றால் மட்டுமே மறுக்க இடமுண்டு. பழைய காரை வாங்கி ஆறு மாதத்துக்குள் இன்ஜெக்டர் குறி வந்திருந்தால், செலவழிப்பதற்கு முன்பு விற்ற வணிகரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். குறைபாடுள்ள பொருள்களை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தின்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைபாடு கார் கைமாறியபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு விற்றவருடையது.

உத்தரவாதம் முடிந்தபிறகும், நேரடிச் செலுத்தல் எஞ்சினுக்கு முகவரிடம் போவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. இத்தகைய இன்ஜெக்டரை ஒருமுறை கழற்றினாலே அதன் முனையிலுள்ள டெஃப்லான் வளையத்தை மாற்றி, அதற்கென உள்ள கருவியால் அளவுக்கு அமுக்கவேண்டும். சில தயாரிப்புகளில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித் திருத்த எண் உண்டு. புதியதைப் பொருத்தியபின் அந்த எண்ணைக் கணினியில் பதியவேண்டும். தயாரிப்பாளரின் மென்பொருள் கையில் இருப்பவர்களுக்கு இது நாள்தோறும் செய்யும் வேலை. அந்த மென்பொருளும் கருவிகளும் உள்ள தனிப்பட்ட பட்டறைகளும், குறிப்பாக ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்ப்பவை, இங்கே இருக்கின்றன. கிடைத்தால் அது நடுவழி. முகவரிடம் உள்ள குறை விலை மட்டுமன்று. அங்கே பெரும்பாலும் வயரைத் திறந்து ஒட்டுவதைவிட ஹார்னெஸ் எனப்படும் முழு வயர்த் தொகுப்பையே மாற்றப் பரிந்துரைப்பார்கள். ஓர் இன்ஜெக்டர் கெட்டிருந்தால் முழுத் தொகுதிக்கும் விலைப்பட்டியல் வரலாம். சோதனை முடிவை மட்டும் பெற்றுக்கொண்டு, வேலையை எங்கே செய்வது என்று பிறகு முடிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

ஜொகூர் பாரு

எல்லைக்கு அப்பால் உள்ள இந்த மலேசிய நகரில் கூலியும் பாகங்களும் மலிவு என்பதில் ஐயமில்லை. நம்மில் பலர் டயருக்கும் ஆயிலுக்கும் போய்வருகிறார்கள். ஆனால் இன்ஜெக்டர் குறிக்கு அது கடைசித் தேர்வாக இருக்கவேண்டும் என்பேன். விட்டுவிட்டு வரும் பழுதைக் கண்டுபிடிக்கக் காரைச் சில நாள் பட்டறையில் விட்டு, சூட்டிலும் குளிரிலும் ஓட்டிப் பார்க்கவேண்டியிருக்கும். பாலத்தைக் கடந்து இரண்டாம் முறை போவதற்கான நேரத்தையும் கூட்டினால் சேமிப்பு கரைந்துவிடும். 2025 ஜூலை 1 முதல் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி முழுமையாக நடைமுறைப்படுத்தப்படுவதால் அதுவும் கையில் இருக்கவேண்டும். புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கவேண்டும் என்ற சிங்கப்பூர் விதியும் உண்டு. கசியும் இன்ஜெக்டரையும் நிறைந்த தொட்டியையும் வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பது நல்ல யோசனை இல்லை. இங்கே பழுது அளந்து உறுதியாகி, மாற்றவேண்டிய பாகம் இன்னதென்று தெரிந்து, கார் சீராக ஓடும் நிலையிலும் இருந்தால் மட்டும் அங்கே போகலாம்.

எச்சரிக்கை விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் இந்த ஒப்பீடுகளுக்கு இடமில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது என்பதே அந்தச் சிமிட்டலின் பொருள். ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டியை அழையுங்கள். அன்றைய பயணங்களை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கும் வாடகை ஓட்டுநர்களிடம் இதை நான் மன்றாடியே சொல்வேன்: ஒரு நாள் வருமானத்தைவிடக் கன்வர்ட்டரின் விலை பல மடங்கு.

கண்டுபிடித்தபின்

பெட்ரோலில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம், கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்தல், கெட்ட ஒன்றை மட்டும் மாற்றுதல், நான்கையும் மாற்றுதல் என்று நான்கு யோசனைகள் உங்கள் முன் வைக்கப்படும். மின்சுற்றுக் குறிக்கு முதல் இரண்டும் பயனற்றவை; அறுந்த காயிலை எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. லேசான அடைப்புக்கு, பாலிஈதர் அமீன் கலந்த திரவத்தை ஓரிரு தொட்டி பெட்ரோலில் ஊற்றிப் பார்ப்பது நியாயமான முதல் முயற்சி. அதற்குப் பணியாவிட்டால் அல்ட்ராசோனிக் சுத்தம். அப்போது சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் நான்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு மில்லிலிட்டர் தெளித்தன என்ற அளவுத்தாளைக் கட்டாயம் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தாள் இல்லாத சுத்தத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்றா, நான்கா என்பதில், காரை வைத்திருக்கப் பத்தாண்டுக்குப் பெறும் வாகன உரிமைச் சான்றிதழின் எஞ்சிய ஆண்டுகளும் பேசவேண்டும். பத்தாண்டு முடிய ஓராண்டோ அதற்குக் குறைவோ இருந்து, காரை ஒப்படைத்துவிட எண்ணினால், கெட்டதை மட்டும் மாற்றுங்கள். சான்றிதழைப் புதுப்பிக்க முடிவு செய்திருந்தால் கணக்கு வேறு. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க இயலாது என்றாலும் அந்த ஐந்தாண்டும் ஓடவேண்டும். பத்தாண்டைக் கடந்த கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும். சாலை வரியிலும் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 விழுக்காடு வரை போகும். இவ்வளவும் கட்டி வைத்திருக்கப்போகும் காரில், நேரடிச் செலுத்தல் எஞ்சினைத் திறக்கும் கூலியை இருமுறை கொடுப்பதைவிட, தெளிப்பளவு குறைந்திருக்கும் மற்ற இன்ஜெக்டர்களையும் சேர்த்து மாற்றிவிடுவது சரி. இன்டேக் பாதையில் தெளிக்கும் எஞ்சினில் கூலி குறைவு என்பதால் அங்கே ஒன்றை மட்டும் மாற்றத் தயங்கவேண்டாம்.

வேலை முடிந்ததும் விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்; குறியை அழித்தாலே விளக்கு அணையும். கழற்றிய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டியபின் உங்கள் சிறு கருவியை மாட்டி, நீண்டகாலக் கலவைத் திருத்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். கூட்டலிலோ கழித்தலிலோ 10 விழுக்காட்டுக்குள் நின்று, புதிய குறியோ, இன்னும் விளக்கை எரியவைக்காத நிலுவைக் குறியோ இல்லாமலிருந்தால் பழுது தீர்ந்தது. அதைத் தாண்டியிருந்தால், அளந்த எண்கள் எழுதிய ரசீதையும் பழைய பாகத்தையும் எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்கு, அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த உத்தரவாதத் தவணை முடிவதற்குள் திரும்பிப் போங்கள்.